கலிஃபோர்னியாவில் வீட்டிலிருந்தே பொடி விற்க: ஒரு பொட்டலம், இரண்டு அரசுகளின் விதிகள்

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி செய்து விற்கலாம் என்று கலிஃபோர்னியாவில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தோன்றுகிறது. விற்கலாம், சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நகராட்சி கவுண்டியை (மாவட்ட நிர்வாகம் மாதிரி) கைகாட்டும், கவுண்டி மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையைக் கைகாட்டும், அங்கே படித்தால் எஃப்.டி.ஏ. (மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகம்) விதியைப் பாருங்கள் என்று இருக்கும். நான் இப்படித்தான் அலைந்தேன். யாரும் தவறாகச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு துண்டுதான் சொன்னார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படி எழுத வேண்டும் என்பது பெரும்பாலும் ஃபெடரல், அதாவது மத்திய அரசின் விதி. யார் சமைக்கலாம், எந்த அடுப்பில், எங்கே விற்கலாம், எதற்கு எச்சரிக்கை போட வேண்டும் என்பது மாநில விதி. "மாநிலத்துக்குள்தானே விற்கிறேன், எஃப்.டி.ஏ. எனக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியா தன் உணவுச் சட்டத்தில் ஃபெடரல் லேபிள் விதிகளைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் கவுண்டி அதிகாரியே உங்கள் பொட்டலத்தைக் கையில் எடுத்து அந்த விதிப்படி குறை சொல்லலாம்.

1. விசாவைப் பாருங்கள்

அடுப்பைப் பற்ற வைக்கும் முன் இது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்குத் தருவது) இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் பொடி விற்றுக் காசு வாங்கக் கூடாது. எச்-1பி விசாவில் இருப்பவரின் அனுமதி அவருடைய நிறுவனத்து வேலைக்கு மட்டும், சொந்த வியாபாரத்தில் உழைப்பது அதில் வராது. கவுண்டி பதிவுப் படிவத்தில் விசா பற்றிய கேள்வி இருக்காது. பணம் கட்டினால் எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "அரசே அனுமதி கொடுத்துவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். குடியேற்றம் முழுக்க ஃபெடரல் விஷயம், கவுண்டி கொடுக்கும் தாளுக்கு அங்கே மதிப்பில்லை. பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இது வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பணம் கொடுத்துக் கேளுங்கள். இந்த முயற்சியில் செலவழிக்கும் காசில் அதைவிடப் பயனுள்ளது இல்லை.

2. உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா?

வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கான சட்டம் 2013 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 'காட்டேஜ் ஃபுட்' என்பார்கள். எதையெல்லாம் செய்யலாம் என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்காமல் கெடாதவைதான் அதில் வரும்: ரொட்டி, பிஸ்கட் வகைகள், சில மிட்டாய்கள், உலர்ந்த பழம், மூலிகை மசாலாக் கலவைகள், கிரனோலா, கொட்டைக் கலவைகள், ஜாம், வறுத்த காபி, தேயிலை போன்றவை.

அதில் 'இட்லிப் பொடி' என்று எழுதியிருக்காது. கவுண்டி அதிகாரிக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. அதனால் விண்ணப்பத்தில் பொருளை விவரியுங்கள்: வறுத்த உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம் சேர்த்து அரைத்த உலர்ந்த மசாலாக் கலவை, தண்ணீர் சேராது, சாதாரண அறை வெப்பத்தில் வைப்பது. செய்முறையை நான்கு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள். முறுக்கு, மைசூர்பாகு, லட்டு மாதிரிப் பொருள்களையும் இப்படியே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். தொலைபேசியில் ஒருவர் "சரி" என்றதை அடுத்த மாதம் வேறொருவர் ஏற்க மாட்டார்.

ஊறுகாய் வராது. மாங்காய், எலுமிச்சை, ஆவக்காய் எதுவானாலும் வராது. புளிப்பேற்றிப் பாட்டிலில் அடைக்கும் உணவுக்குத் தனி விதி இருக்கிறது. ஃபெடரலில் ஒன்று, மாநிலத்தில் கேனரி (டப்பா, பாட்டிலில் உணவு அடைக்கும் ஆலை) உரிமம் என்று ஒன்று. அது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. பால்கோவா மாதிரி குளிரில் வைக்க வேண்டியதும், கருவாட்டுப் பொடியும் கிடையாது. தேங்காய்த் துவையல், இட்லி மாவு பற்றியெல்லாம் கேட்கவே வேண்டாம்.

சூடாகச் சமைத்த சாப்பாடு விற்க வேண்டுமானால் அது வேறு அனுமதி. 2018-ல் வந்த சட்டப்படி, கவுண்டி தானாக முன்வந்து அதை ஏற்றிருந்தால் மட்டும் வீட்டிலிருந்து சாப்பாடு விற்கலாம். நாளுக்கு 30, வாரத்துக்கு 90 சாப்பாடு என்று வரம்பு. பக்கத்துக் கவுண்டியில் நடக்கிறதே என்று உங்கள் கவுண்டியிலும் நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

3. கிளாஸ் ஏ போதுமா, கிளாஸ் பி வேண்டுமா?

சாப்பிடுபவரிடம் நீங்களே நேராக விற்றால் கிளாஸ் ஏ. வீட்டு வாசல், உழவர் சந்தை, கோவில் விழா, இணையத்தில் வாங்கியவருக்குத் தபாலில் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். இது பதிவு மட்டும்தான். ஒரு கேள்வித் தாளில் நீங்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது புகார் கொடுத்தால் ஒழிய வீட்டுக்கு ஆய்வுக்கு வர மாட்டார்கள்.

மளிகைக் கடை, உணவகம் வழியாக விற்பதானால் கிளாஸ் பி. இதற்கு அதிகாரி வந்து சமையலறையைப் பார்த்த பிறகுதான் அனுமதி. கட்டணமும் கூட. விற்பனை வரம்பு 2022-ல் கிளாஸ் ஏ-க்கு ஆண்டுக்கு 75,000 டாலர், கிளாஸ் பி-க்கு 1,50,000 டாலர் என்று வைத்தார்கள். விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அது உயர்கிறது. லாபம் அல்ல, மொத்த விற்பனை கணக்கு.

என் யோசனை: முதல் வருடம் கிளாஸ் ஏ-யிலேயே இருங்கள். கடைக்குள் போனால் அனுமதிக் கட்டணம் மட்டும் ஏறாது. பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கை லேபிள் தலைவலியும் அப்போதுதான் தொடங்கும்.

4. தாள்கள், செலவு, நாள் கணக்கு

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க முடியாது. ஒன்று வந்தால்தான் மற்றொன்றை எடுக்க முடியும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அவர்கள் விதியையும் படியுங்கள். அடுத்து நகராட்சி: வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான மண்டல அனுமதியும் தொழில் உரிமமும். இவற்றின் கட்டணம் ஊருக்கு ஊர் வேறு. ஒரே தொகையை யாரும் சொல்ல முடியாது.

கடைப் பெயரில் உங்கள் குடும்பப் பெயர் இல்லையென்றால், கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் அந்த வணிகப் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பிறகு உள்ளூர்ச் செய்தித்தாளில் வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் விளம்பரம். சிறிய பத்திரிகைகள் இதற்கென்றே குறைந்த விலையில் செய்து தருகின்றன, இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெயர் உறுதியாகும் முன் அச்சுக்குக் கொடுத்த லேபிள் கட்டு பரணில் கிடக்கும்.

அதன் பிறகுதான் கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை. படிவம், பொருள் பட்டியல், மாதிரி லேபிள், குடிநீர் நகராட்சிக் குழாயா சொந்தக் கிணறா என்ற விவரம் (கிணறானால் நீர்ப் பரிசோதனை அறிக்கை), கட்டணம். கிளாஸ் ஏ-க்குப் பல கவுண்டிகளில் நூறிலிருந்து சில நூறு டாலர் வரை. கிளாஸ் பி அதைவிடக் கணிசமாகக் கூடும். இரண்டும் ஆண்டுதோறும் கட்ட வேண்டியவை. படிவம் முழுமையாக இருந்தால் சில வாரங்களில் பதில் வரும். பெரும்பாலும் திரும்பி வருவது மாதிரி லேபிளால்தான். அதனால் கையால் எழுதிய அல்லது வீட்டுப் பிரிண்டரில் எடுத்த லேபிளை அனுப்புங்கள், அச்சகத்துக்குப் போக வேண்டாம்.

உணவு தயாரிப்போருக்கான பயிற்சியைப் பதிவாகி மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இணையத்தில் சில மணி நேர வேலை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும். பொடி அரைக்கும், பொட்டலம் கட்டும் நேரத்தில் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் சமையலறையில் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டுச் சமையலும் கூடாது. வீட்டாரைத் தவிர ஒரு முழுநேர ஆள் அளவுக்குத்தான் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்புக் காப்பீட்டைக் கவுண்டி கேட்காது, உழவர் சந்தைக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஒதுக்கி வையுங்கள்.

5. லேபிளில் ஃபெடரல் பகுதி

இங்கேதான் நிறைய நேரம் போகும், போகவும் வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா நம் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பது இந்த நான்கு வரிக்காகத்தான்.

பொருள்களை எடை அதிகம் உள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். நிகர எடை பொட்டலத்தின் முன்பக்கம், கீழ் 30 சதவீதப் பகுதிக்குள் வர வேண்டும், அவுன்ஸிலும் கிராமிலும். 7 அவுன்ஸ் என்றால் 198 கிராம். 200 கிராம் நிரப்பிவிட்டு 7 அவுன்ஸ் என்று போட்டால் தொல்லை இல்லை, 195 நிரப்பினால் தொல்லை. எழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் போட்டால் கூடுதல் அழகு.

ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் மட்டும் பின்னால் சேர்ந்தது. 2021-ல் சட்டம் வந்து 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். பழைய மாதிரி லேபிளைப் பார்த்துப் படியெடுத்தால் எள் விட்டுப்போகும். இட்லிப் பொடிக்காரருக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை.

இப்போது உங்கள் அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயப் பிசின் கொஞ்சம்தான். மீதி பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ, கூடவே கருவேலம் பிசின். கடுகளவு போட்டாலும் உங்கள் பொடியில் கோதுமை இருக்கிறது. பொருள் பட்டியலில் 'பெருங்காயம்' என்று மட்டும் எழுதினால் போதாது. அடைப்புக்குள் அதன் உட்பொருள்களைக் கொடுத்து, கீழே 'கன்டெய்ன்ஸ்' வரியில் கோதுமை, எள் இரண்டையும் போட வேண்டும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட ஆசைப்படும் பலர் இந்த டப்பாவில்தான் சிக்குகிறார்கள். அந்தச் சொல்லுக்கு எஃப்.டி.ஏ. வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழே. அரிசி மாவில் கலந்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. அதற்கு மாறினாலும் உங்கள் மிக்ஸி, தட்டு, வாணலி எல்லாம் கோதுமை படாமல் இருந்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம்.

இன்னும் சில:

நெய் சேர்த்தால் பால். முந்திரி சேர்த்தால் 'கொட்டை' என்று பொதுவாக எழுதாமல் முந்திரி என்றே எழுத வேண்டும். தேங்காயை முன்பு எஃப்.டி.ஏ. மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில் எடுத்துவிட்டது. ஒவ்வாமை வரியில் அது இப்போது தேவையில்லை, பொருள் பட்டியலில் இருந்தால் போதும். செக்கு நல்லெண்ணெயும் செக்குக் கடலை எண்ணெயும் ஒவ்வாமைப் பொருள்களே. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்குத்தான் விலக்கு. கடுகு அமெரிக்கப் பட்டியலில் இல்லை.

மசாலாக்களைச் சேர்த்து 'ஸ்பைசஸ்' என்று ஒரே சொல்லில் எழுத விதி இடம் தருகிறது. மஞ்சள்தூள் நிறமும் கொடுப்பதால் அதில் ஒளிய முடியாது, தனியாகப் பெயர் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதலாம். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கேசரிப் பவுடரை விற்பனைக்கான இனிப்பில் சேர்க்காதீர்கள். இந்தியாவில் அனுமதித்த கார்மோய்சின், பொன்சோ 4ஆர் போன்ற செயற்கை நிறங்கள் அமெரிக்காவில் அனுமதிக்கப்படவில்லை. அனுமதித்த மஞ்சள் நிறங்களும்கூட ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் எஃப்.டி.ஏ. சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இங்கே வாங்கியதைப் போட்டு, எண்ணோடு பெயரை எழுதுங்கள்.

ஊட்டச்சத்துக் கட்டம் சிறு வியாபாரிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. முழுநேரக் கணக்கில் பத்து ஆளுக்குக் குறைவாக வைத்து, ஒரு பொருளை ஆண்டுக்கு 10,000 பொட்டலத்துக்குக் கீழே விற்றால் விலக்கு, அறிவிப்பும் அனுப்ப வேண்டாம். ஆனால் 'நார்ச்சத்து நிறைந்தது' என்று ஒரு வரி எழுதினால் அந்த விலக்கு போய்விடும். அதைவிட மோசம் 'சர்க்கரை நோய்க்கு நல்லது' என்பது. நோயைப் பற்றிப் பேசினால் முருங்கைக்கீரைப் பொடி ஃபெடரல் சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடும், அனுமதி பெறாத மருந்து. லேபிளில் இல்லாவிட்டாலும் உங்கள் இணையப் பக்கத்தில் எழுதினால் அதுவும் கணக்கில் சேரும்.

6. லேபிளில் மாநிலப் பகுதி

முன்பக்கத்தில் 'மேட் இன் எ ஹோம் கிச்சன்' என்ற சொற்கள் 12 புள்ளி எழுத்தில் வர வேண்டும். உங்கள் பதிவு எண் அல்லது அனுமதி எண், அதைக் கொடுத்த கவுண்டியின் பெயர், வணிகப் பெயர், ஊர், அஞ்சல் எண் எல்லாம் வேண்டும். தொலைபேசிக் கையேட்டில் உங்கள் வணிகம் இல்லாவிட்டால் தெரு முகவரியும் போட வேண்டும். வீட்டு முகவரியை ஊரறிய அச்சிடத் தயங்குபவர்கள், கையேட்டுப் பதிவு எதை ஏற்பீர்கள் என்று கவுண்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் இரண்டு அரசும் வேறு வேறு வழி. குழந்தைப் பால்மாவைத் தவிர வேறெதற்கும் ஃபெடரல் விதி தேதி கேட்பதில்லை. கலிஃபோர்னியாவும் தேதி போட்டே ஆக வேண்டும் என்று பொடிக்குச் சொல்லவில்லை, ஆனால் போட்டால் எந்தச் சொல்லில் போட வேண்டும் என்று சொல்கிறது. 2026 ஜூலை 1 முதல் தயாரிக்கும் உணவில் தரம் குறையும் தேதிக்கு 'பெஸ்ட் இஃப் யூஸ்டு பை', பாதுகாப்புத் தேதிக்கு 'யூஸ் பை'. வாங்குபவர் கண்ணில் படும்படி 'செல் பை' போடக் கூடாது. பழைய ஸ்டாம்பு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

'ஆர்கானிக்' என்ற சொல்லை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஃபெடரலில் ஒரு திட்டம், மாநிலத்தில் தனிப் பதிவு என்று இரண்டு கதவு அதற்கு.

7. ப்ராப் 65: உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவை மட்டும் பிரித்துக் காட்டும் விதி இது. 'ப்ரொபொசிஷன் 65' என்பதன் சுருக்கம், 1986-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது. புற்றுநோயோ, பிறவிக் குறைபாடோ, இனப்பெருக்கப் பாதிப்போ உண்டாக்கும் என்று மாநிலம் பட்டியலிட்ட வேதிப்பொருள்கள் சுமார் 900. அவை வரம்புக்கு மேல் உடலுக்குள் போகும் என்றால் எச்சரிக்கை போட வேண்டும். ஊட்டச்சத்து லேபிளில் மாநிலங்கள் தன் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாதபடி 1990-ன் ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. உணவின் பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கைகளை அதே சட்டம் விட்டுவைத்தது. அதனால்தான் நாடு முழுவதும் ஒரே பொட்டலம் விற்கும் பெரிய நிறுவனமும் இந்த மாநிலத்துக்காகத் தனியாக ஒரு கட்டம் அச்சிடுகிறது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் வணிகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பகுதிநேர ஆளும் எண்ணிக்கையில் சேரும். வீட்டுச் சமையல் அனுமதியில் இருக்கும் வரை நீங்கள் பத்தைத் தொடப் போவதில்லை. ஆகவே நேரடியாக விற்கும் கிளாஸ் ஏ-காரர் எச்சரிக்கை ஒட்ட வேண்டிய கடமை இல்லை. பயந்துபோய் இணையத்தில் கிடைத்த எச்சரிக்கையைப் படியெடுத்து ஒட்டுபவர்களைப் பார்க்கிறேன். தேவையில்லாமல் உங்கள் பொடியில் ஈயம் இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஈயம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் விலக்கு கொடுத்துவிட்டது என்பதால் அது பொடியிலிருந்து போய்விடாது. மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பது தெற்காசியாவில் நடந்திருக்கிறது. 2024-ல் எஃப்.டி.ஏ. பட்டைத்தூளில் ஈயம் பற்றித் தொடர்ந்து எச்சரித்தது. கலிஃபோர்னியா வரம்பு ஈயத்துக்கு நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவர் நாளுக்கு 10 கிராம் பொடி சாப்பிட்டால், கிராமுக்கு 0.05 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். மிகச் சிறிய அளவு. மஞ்சள், மிளகாய், தனியா மூன்றையும் தயாரிப்புத் தொகுதி எண்ணோடு வாங்கி, பரிசோதனை அறிக்கை கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள். அரைத்த மஞ்சள்தூளைவிட விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைப்பது மேல். கன உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு மாதிரி அனுப்புங்கள். ஈயம், காட்மியம் இரண்டும் போதும், முழுத் தொகுப்புச் சோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

எச்சரிக்கை ஒட்டிவிட்டால் எதையும் விற்கலாம் என்பதும் தவறு. ப்ராப் 65 சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். ஈயம் கலந்த மஞ்சளை விற்பது ஃபெடரல் சட்டப்படி கலப்படம், எந்தக் கட்டம் போட்டாலும் கலப்படமே.

வறுத்த பொருளில் உருவாகும் அக்ரிலமைடு பற்றியும் கேட்பீர்கள். காபிக்கு 2019-லேயே மாநிலம் விலக்கு அளித்துவிட்டது. மற்ற உணவுகளில் அக்ரிலமைடுக்கான புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2025 மே மாதம் ஃபெடரல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. வறுத்த பருப்புக்காக அந்தக் கவலை வேண்டாம்.

8. கடைக்காரர் நீட்டும் கடிதம்

கிளாஸ் பி எடுத்து ஒரு மளிகைக் கடையை அணுகினால் அவர்கள் பொடியைச் சுவைப்பதற்கு முன் ஒரு கடிதத்தை நீட்டக்கூடும். ப்ராப் 65 வழக்கு வந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்று அதில் இருக்கும். எனக்கு அப்படி ஒன்று வந்தது. சிறிய எழுத்தில் இரண்டு பக்கம். காரணம் இதுதான்: நீங்கள் பத்துப் பேருக்குக் கீழே, கடையில் பத்துப் பேருக்கு மேல். தயாரித்தவருக்குச் சட்டம் பொருந்தாதபோது, விஷயம் தெரிந்த கடைக்காரர் பக்கம் பொறுப்பு திரும்பலாம். இந்தச் சட்டத்தில் அரசு மட்டுமல்ல, தனியாரும் 60 நாள் அறிவிப்பு கொடுத்து வழக்குப் போடலாம். அபராதம் ஒவ்வொரு மீறலுக்கும் நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை போகும், அதில் கால் பங்கு வழக்குப் போட்டவருக்கு. கடைக்காரர் அஞ்சுவது நியாயம்.

நீங்கள் வரம்பில்லாப் பொறுப்பில் கையெழுத்துப் போடுவதுதான் நியாயம் இல்லை. ஆய்வக அறிக்கையைக் கொடுத்து, அந்தத் தொகுதிக்கு மட்டும் உறுதி கூறுவதாக மாற்றி எழுதக் கேளுங்கள். பொறுப்புத் தொகைக்கு உங்கள் காப்பீட்டு அளவை வரம்பாகக் கேளுங்கள். உங்கள் காப்பீட்டில் ப்ராப் 65 விலக்கப்பட்டிருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிறிய கடைகள் பேச்சுக்கு வருவார்கள். வராவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள், உழவர் சந்தை இருக்கிறது.

எச்சரிக்கை உண்மையிலேயே தேவைப்பட்டால் உணவுக்கு என்று தனி வாசகம் உண்டு. மற்ற எழுத்துகளிலிருந்து பிரித்துக் கட்டத்துக்குள் போட வேண்டும், இணையத்தில் விற்றால் பொருளின் பக்கத்திலும் காட்ட வேண்டும். வேதிப்பொருளின் பெயரே இல்லாத பழைய குறும் எச்சரிக்கைக்கு 2028 ஜனவரி 1 வரைதான் அவகாசம். இப்போது அச்சிடுபவர் பெயரோடு அச்சிடுவது நல்லது.

9. டெக்ஸாஸில் இருக்கும் சித்திக்கு அனுப்பலாமா?

அன்பளிப்பாக அனுப்புங்கள். விற்றால் அல்ல. கலிஃபோர்னியாப் பதிவு கலிஃபோர்னியா எல்லைக்குள் மட்டும் செல்லும். டெக்ஸாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் அவரவர் வீட்டுச் சமையல் சட்டம் இருக்கிறது, அது அங்கே சமைப்பவருக்கு. இணையக் கடை திறக்கும்போது அனுப்பும் இடத்தில் கலிஃபோர்னியா தவிர மற்றவற்றை அடைத்து வையுங்கள். இதைச் செய்யாததால் வருகிற சிக்கல்தான் அதிகம்.

வெளி மாநிலத்துக்கு விற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் வீட்டு அடுப்பை விட்டு உரிமம் உள்ள வணிகச் சமையலறைக்கு மாற வேண்டும். மாநிலத்தில் பதப்படுத்தும் உணவுக்கான பதிவு எடுக்க வேண்டும். எஃப்.டி.ஏ.-விலும் உங்கள் இடத்தைப் பதிய வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பதிவு தேவைப்படவில்லை, வணிகச் சமையலறைக்குத் தேவை. எஃப்.டி.ஏ. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 'உங்கள் எஃப்.டி.ஏ. சான்றிதழுக்கு இவ்வளவு டாலர்' என்று மின்னஞ்சல் அனுப்புவோர் தனியார் முகவர்கள். எஃப்.டி.ஏ. அப்படி ஒரு சான்றிதழையே தருவதில்லை.

10. நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

கவுண்டிப் பதிவு ஆண்டுக்கு ஒரு முறை. பயிற்சி மூன்று ஆண்டு. வணிகப் பெயர் ஐந்து ஆண்டு. எஃப்.டி.ஏ.-வில் இடத்தைப் பதிந்திருந்தால், ஒற்றைப்படை ஆண்டுகளில் அல்ல, இரட்டைப்படை ஆண்டுகளில் (2026, 2028) அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும்.

வீடு மாறினால் பழைய அனுமதி கூடவே வராது. அது அந்தச் சமையலறைக்குக் கொடுத்தது. அதே கவுண்டிக்குள் அடுத்த தெருவுக்குப் போனாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், எண்ணும் மாறும், லேபிளும் மாறும். வாடகை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது ஆயிரம் லேபிள் அச்சிட வேண்டாம். வீட்டுப் பிரிண்டரும் ஒட்டும் தாளும் அதுவரை போதும். செய்முறையில் ஒரு பொருளை மாற்றினாலும், பெருங்காயத்தின் பிராண்டை மாற்றினாலும்கூட, புது டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் லேபிளைத் திருத்தி, கவுண்டிக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள்.